குழந்தையின் மூளைக் கட்டி திரும்ப வந்தால்: பெற்றோர் கேட்ட கேள்விகள்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். டாக்டர் பேசிவிட்டுப் போன பிறகு, அம்மா அப்பாக்கள் என்னைக் கதவருகே நிறுத்திக் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். உங்கள் டாக்டரிடம் அடுத்த முறை என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

கட்டியை முழுசா எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் எப்படித் திரும்ப வந்துச்சு?

"முழுசாக" என்றால், சர்ஜன் கண்ணுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எம்ஆர்ஐக்கும் தெரிந்தவரை முழுசாக என்று பொருள். தெரியாத செல்கள் மிச்சம் இருக்கலாம். உடம்பின் மற்ற இடங்களில் கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து வெட்டிவிடுவார்கள். மூளையில் அப்படிச் செய்ய முடியாது. அந்த ஓரத்தில்தான் பிள்ளையின் நடையும் பேச்சும் விழுங்கும் சக்தியும் இருக்கின்றன.

இன்னொரு வழி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் திரவம். சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா, ஏடிஆர்டி போன்ற கட்டிகள் அந்தத் திரவத்தில் செல்களை உதிர்க்கும். அவை முதுகுத் தண்டில் போய் ஒட்டி வளரலாம். எபென்டைமோமா அப்படியில்லை, பெரும்பாலும் பழைய இடத்திலேயே தலைகாட்டும். எதுவானாலும், திரும்ப வளர்வது முதல் சிகிச்சைக்குத் தாக்குப்பிடித்த செல்கள். அதனால்தான் அன்றைக்கு வேலை செய்த மருந்து இன்றைக்கும் வேலை செய்யும் என்று நம்பி உட்கார முடிவதில்லை.

நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா சிஸ்டர்? செல்போனைக் கையில குடுத்துட்டே இருந்தோம்.

இல்லை. இதைக் கேட்காத அம்மாவை நான் பார்த்ததில்லை, அதனால் உறுதியாகவே சொல்கிறேன். சின்னக் குழந்தைகளின் மூளைக் கட்டிகள் பல, மூளை வளரும் பருவத்தில் ஒரு செல்லின் மரபணுவில் நடக்கும் பிழையால் தொடங்குகின்றன. அது நீங்கள் ஊட்டிய எதனாலும் வந்ததல்ல, ஊட்டாமல் விட்டதாலும் அல்ல. செல்போனைப் பற்றி மோபி-கிட்ஸ் என்ற ஆய்வு 14 நாடுகளில் 10 முதல் 24 வயதுள்ளவர்களிடம் நடந்தது. போன் பயன்பாட்டுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவில்லை.

கட்டி திரும்ப வந்ததற்கும் நீங்கள் காரணமில்லை. சில கட்டிகளில் பிறவியிலேயே வரும் மரபணு மாற்றம் ஒரு காரணமாக இருக்கலாம். அதைக் கீழே அடுத்த பிள்ளை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இந்தக் கட்டியோட பேரை வெச்சு என்ன ஆகப்போகுது? எல்லாம் கேன்சர்தானே?

பேரை வைத்துத்தான் எல்லாமே முடிவாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில், மைக்ரோஸ்கோப்பில் தெரியும் உருவத்தோடு மரபணு மாற்றமும் சேர்ந்துதான் பல கட்டிகளுக்குப் பேர் வைக்கிறார்கள். மெடுல்லோபிளாஸ்டோமா என்று ஒரே பேரில் சொன்னாலும் உள்ளே டபிள்யூஎன்டி, எஸ்ஹெச்ஹெச், குரூப் 3, குரூப் 4 என்று பிரிவுகள் உண்டு. அவை நடந்துகொள்ளும் விதம் வேறு, திரும்ப வரும் விதமும் வேறு.

சின்ன வயதில் வருபவற்றில் ஏடிஆர்டி பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வரும். அதில் எஸ்எம்ஏஆர்சிபி1 என்ற மரபணு வேலை செய்யாமல் போயிருக்கும். எபென்டைமோமா, ஈடிஎம்ஆர், கோராய்டு பிளெக்ஸஸ் கார்சினோமா, மூளைத்தண்டில் வரும் டிஐபிஜி என்று இன்னும் பல இருக்கின்றன. மெதுவாக வளரும் கிளையோமாவும் கிரேனியோஃபாரிஞ்சியோமாவும் புற்றுநோய் போலப் பரவுவது அபூர்வம், ஆனால் திரும்பத் திரும்ப வரும். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குச் செய்ததை உங்கள் பிள்ளைக்கு ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இந்தப் பேரில் இருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள முழுப் பேரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எம்ஆர்ஐல ஏதோ வெள்ளையா தெரியுதாம். அப்ப திரும்ப வந்துடுச்சுன்னு முடிவா?

இன்னும் இல்லை. ரேடியேஷன் முடிந்த சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை, அந்த இடம் வீங்கி, கட்டி பெரிதானது போலவே படத்தில் தெரியலாம். இதைப் பொய் வளர்ச்சி என்பார்கள். பின்னாளில் ரேடியேஷன் பட்ட திசு செத்துப்போய் அதுவும் கட்டி போலவே தோற்றம் தரலாம். ஆபரேஷன் தழும்பும் அப்படித்தான். பிள்ளை தெம்பாக இருந்தால், நான்கு முதல் எட்டு வாரம் விட்டு மறுபடி படம் எடுத்துப் பார்ப்பது பல நேரங்களில் சரியான முடிவு. அந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இல்லாத கட்டிக்கு மருந்து கொடுப்பது அதைவிட மோசம்.

திரும்ப வந்ததாகவே சந்தேகம் வலுத்தால், தலையை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. முதுகுத் தண்டு முழுக்க எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். பரவும் வகைக் கட்டி என்றால், ஆபத்து இல்லாத நிலையில் முதுகிலிருந்து திரவம் எடுத்தும் சோதிப்பார்கள். ஒரே இடத்தில் இருக்கிறதா, பல இடங்களில் இருக்கிறதா என்பதில்தான் அடுத்த வழி பிரிகிறது.

பழைய பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கே. மறுபடி எதுக்கு மண்டையில துளை போடணும்?

நியாயமான கேள்வி. எல்லாருக்கும் போட வேண்டியதில்லை. ஆனால் மூன்று காரணங்களுக்காகக் கேட்பார்கள். ஒன்று, கட்டி மாறியிருக்கலாம். முதல் தடவை இல்லாத மரபணு மாற்றம் இரண்டாம் தடவை இருக்கலாம், மெதுவாக வளர்ந்தது வேகம் பிடித்திருக்கலாம். இரண்டு, சில வருடங்கள் கழித்து வந்தது பழைய கட்டியே அல்லாமல், ரேடியேஷனால் உண்டான புதுக் கட்டியாக இருக்கலாம். படத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, சிகிச்சை மட்டும் வேறு வேறு. மூன்று, சில மாத்திரைகளும் மருந்து ஆய்வுகளும் புதிதாக எடுத்த திசுவைக் கேட்கும்.

இடம் ஆபத்தானது என்றால், அல்லது ரிசல்ட் எதுவாக வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால், பயாப்ஸி வேண்டாம் என்பதும் சரியான முடிவே. "இதில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும்?" என்று நேராகக் கேளுங்கள். அப்புறம் ஒரு விஷயம்: முதல் ஆபரேஷனில் எடுத்த திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். அதற்குப் பிளாக் என்று பேர். அது எங்கே இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். முன்பு செய்யாத மரபணு சோதனையை அதிலேயே செய்ய முடியலாம்.

மறுபடி ஆபரேஷன்னு சொல்றாங்க. பிள்ளை தாங்குமா? பிரயோஜனம் இருக்கா?

கட்டியைப் பொறுத்தது. எபென்டைமோமா ஒரே இடத்தில் திரும்ப வந்திருந்தால், அதை முடிந்தவரை முழுக்க எடுப்பதுதான் முக்கியமான சிகிச்சை. கீமோவுக்கு அது பெரிதாக மசிவதில்லை. இரண்டாவது, மூன்றாவது ஆபரேஷன் செய்து வருடக்கணக்கில் நன்றாக இருக்கும் பிள்ளைகள் உண்டு. திரவம் முழுக்கப் பரவிய கட்டியில் ஒரு முடிச்சை மட்டும் வெட்டி எடுப்பதால் அந்தப் பலன் கிடைக்காது. தலைக்குள் நீர் அடைத்திருந்தால் அதை வடிக்க ஷன்ட் என்ற குழாய் வைப்பதோ, உள்ளே ஒரு சின்ன வழி போடுவதோ தலைவலியையும் வாந்தியையும் சீக்கிரம் தணிக்கும். அது கட்டிக்கான சிகிச்சை இல்லை, ஆனாலும் பிள்ளைக்குப் பெரிய நிம்மதி.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். சிறுமூளைப் பக்கம் ஆபரேஷன் ஆனபின் ஓரிரு நாளில் பிள்ளை பேச்சை நிறுத்திவிடலாம். மெடுல்லோபிளாஸ்டோமா ஆபரேஷனுக்குப் பிறகு ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது. வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சு திரும்பும், ஆனால் எல்லாருக்கும் பழையபடி திரும்புவதில்லை. மூளைத்தண்டை ஒட்டிய கட்டியில் விழுங்கும் நரம்புகள் பாதிக்கப்பட்டு, உணவு செலுத்த ஒரு குழாயோ, மூச்சுக்காகத் தொண்டையில் ஒரு குழாயோ வைக்க நேரலாம்.

இங்கே ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புதுச் சிகிச்சையின் முன்பும் இதைக் கேளுங்கள்: "இது குணப்படுத்தவா, காலத்தை நீட்டவா, கஷ்டத்தைக் குறைக்கவா?" மூன்றுமே நல்ல நோக்கங்கள்தான். ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் சம்மதிப்பதுதான் பெற்றோரைப் பின்னால் வாட்டுகிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்தது முக்கியமாக இந்த ஒன்றுதான். கீழே அடிக்கடி இதற்குத் திரும்புவேன்.

மூணு வயசுக்குள்ள ரேடியேஷனே கூடாதுன்னாங்க. இப்ப அதையே குடுக்கலாம்ங்கறாங்க. யார் சொல்றதை நம்புறது?

இரண்டுமே உண்மை. முதல் மூன்று வருடத்தில் மூளை வளரும் வேகம் அதிகம். அப்போது தலை முழுவதும் தண்டுவடம் முழுவதும் ரேடியேஷன் கொடுத்தால் படிப்பு, ஞாபகம், உயரம், ஹார்மோன் என்று எல்லாமே அடிபடும். வயது குறையக் குறைய சேதம் கூடும். அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்கு ரேடியேஷனைத் தள்ளிப்போட்டு கீமோவை வைத்துச் சமாளிக்கும் முறை 1980களிலிருந்து வளர்ந்தது. பலமான கீமோ கொடுத்து, பிள்ளையிடமிருந்தே முன்பு எடுத்து வைத்த, ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்லைத் திரும்ப ஏற்றுவதும் அந்த வழியில் வந்ததுதான்.

அப்படித் தள்ளிப்போட்ட பிள்ளைக்குக் கட்டி திரும்ப வந்தால், கையில் இன்னும் பயன்படுத்தாத ஆயுதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. ரேடியேஷனே பெறாத மெடுல்லோபிளாஸ்டோமா குழந்தைகளில் ஒரு பகுதியினரைத் திரும்ப வந்த பிறகும் குணப்படுத்த முடிகிறது. ஏற்கெனவே முழு ரேடியேஷன் பெற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அப்போது "கூடாது" என்றது விலை அதிகம் என்பதால், இப்போது "கொடுக்கலாம்" என்பது அந்த விலையைக் கொடுத்தால் உயிர் கிடைக்கலாம் என்பதால். பிள்ளையின் வயதும் அதற்குள் ஏறியிருக்கும்.

எத்தனை கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு), எந்த இடத்துக்கு என்று கேளுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு மெடுல்லோபிளாஸ்டோமாவில் தலையும் தண்டுவடமும் சேர்த்து வழக்கமாக 23.4 அல்லது 36 கிரே, கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் 54 கிரே வரை கொடுப்பார்கள். சில பிள்ளைகளுக்கு மட்டும் ரேடியேஷனைத் தொடவே தயங்குவார்கள். பிறவியில் டிபி53 என்ற மரபணுவில் மாற்றமோ, கோர்லின் என்ற மரபணு நோய்க்கூறோ இருந்தால், ரேடியேஷன் பட்ட இடத்தில் வேறு புற்றுநோய் வரும் அபாயம் மிக அதிகம்.

ஒரு தடவை ரேடியேஷன் முழுசா குடுத்தாச்சு. ரெண்டாவது தடவையும் குடுக்க முடியுமா?

பல நேரம் முடியும். முன்பெல்லாம் முடியாது என்றே சொல்வார்கள், அதனால் பழைய ஆட்கள் சொல்வதை வைத்து மனம் விட வேண்டாம். திரும்ப வந்த எபென்டைமோமாவில் ஆபரேஷனோடு சேர்த்து மறு ரேடியேஷன் கொடுப்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை, நீண்ட காலம் கட்டியை அடக்கியும் வைக்கிறது. டிஐபிஜியில் முதல் தடவை 54 கிரே கொடுத்திருந்தால், மறுதடவை 20 முதல் 30 கிரே வரை கொடுப்பதுண்டு. அங்கே நோக்கம் குணம் இல்லை. நடையும் பேச்சும் விழுங்குவதும் சில மாதங்களுக்குத் திரும்பக் கிடைப்பதுதான். அந்தச் சில மாதங்கள் ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிது என்று நான் பார்த்திருக்கிறேன்.

முதல் ரேடியேஷன் முடிந்து எவ்வளவு நாள் ஆனது, அது மூளைத்தண்டில் எவ்வளவு பட்டது என்பதைக் கணக்கிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். பழைய ரேடியேஷன் திட்டத்தின் முழு விவரமும் இதற்குத் தேவை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, அந்தத் திட்டக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

புரோட்டான்னா இன்னும் பவர்ஃபுல்லா?

புரோட்டானும் ஒரு வகை ரேடியேஷன்தான். கட்டியைக் கொல்லும் பலத்தில் சாதாரண ரேடியேஷனுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புரோட்டான் கதிர் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும், அதைத் தாண்டி நல்ல மூளைக்கோ காதுக்கோ இதயத்துக்கோ குறைவாகவே போகும். சின்னப் பிள்ளைக்கு அது உண்மையான நன்மை. ஆனால் புரோட்டானுக்காகப் பல வாரம் காத்திருந்து, வேகமாக வளரும் கட்டியை விட்டுவைப்பது சரியல்ல.

கீமோ திரும்பக் குடுக்கறாங்க, ஆனா இந்தத் தடவை வீட்டுல மாத்திரையாம். இது சும்மா பேருக்கா?

பேருக்கு இல்லை. திரும்ப வந்த மெடுல்லோபிளாஸ்டோமாவில் டெமோசோலோமைடு, இரினோடெகான் என்ற இரண்டு மருந்தோடு பெவாசிஸுமேப் சேர்த்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் குழந்தைகள் புற்றுநோய்க் குழுமம் ஓர் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்த்தது. பெவாசிஸுமேப் சேர்த்தவர்களில் சராசரி ஆயுள் 13 மாதத்திலிருந்து 19 மாதமாகக் கூடியது. வியன்னாவில் உருவான மெம்மாட் என்ற முறையில் தாலிடோமைடு, செலிகாக்ஸிப், ஃபெனோஃபைப்ரேட், எடோபொசைடு, சைக்ளோஃபாஸ்பமைடு ஆகியவற்றை வாய்வழியாகக் குறைந்த அளவில் தினமும் கொடுத்து, பெவாசிஸுமேபும் மூளைத் திரவத்துக்குள் நேராகச் செலுத்தும் மருந்தும் சேர்ப்பார்கள். கட்டிக்கு ரத்தம் போகும் வழியை அடைப்பதும் இதன் நோக்கம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஹை டோஸ் கீமோவும் ஸ்டெம் செல்லும். மிகக் கடுமையானது, வாரக்கணக்கில் தனி அறை. கட்டி முதலில் நன்றாகச் சுருங்கிய பிள்ளைகளுக்கு, குறிப்பாக ரேடியேஷன் பெறாதவர்களுக்கு, இதில் அர்த்தம் இருக்கலாம். ஏற்கெனவே எல்லாம் பெற்று, கட்டி பரவியும் இருக்கும் பிள்ளைக்கு இதைப் பரிந்துரைத்தால், ஆபரேஷன் பற்றிய பதிலில் சொன்ன அந்த மூன்று நோக்கக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

ஜீன் டெஸ்ட் பண்ணினா கண்டிப்பா ஒரு மாத்திரை கிடைச்சுடுமா?

கண்டிப்பாக இல்லை. ஆனால் கிடைக்கும் பிள்ளைக்கு அது வாழ்க்கையையே மாற்றும். மெதுவாக வளரும் கிளையோமாவில் பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது சகஜம். அதில் வி600ஈ என்ற வகை உள்ள பிள்ளைகளுக்கு டாப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற ஜோடி மருந்தை ஒரு வயது முதல் கொடுக்க 2023 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. ஆய்வில் 47 சதவீதப் பிள்ளைகளுக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது, கீமோ பெற்றவர்களில் அது 11 சதவீதம்தான். 2024 ஏப்ரலில் டோவோராஃபெனிப் வந்தது. திரும்ப வந்த அல்லது அடங்காத கட்டிக்கு, ஆறு மாதக் குழந்தை முதல், வாரம் ஒரே ஒரு முறை. ஆய்வில் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது. முடியின் நிறம் வெளுக்கும், தோல் தடிக்கும், உயரம் வளர்வது மெதுவாகும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டீர்கள்.

எந்த மாற்றம் என்று துல்லியமாகத் தெரியாமல் மாத்திரை தொடங்கக் கூடாது. பிராஃப் ஃப்யூஷன் என்ற வகையில் டாப்ராஃபெனிப் போன்ற மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கட்டி இன்னும் வேகமாக வளரக்கூடும். கைக்குழந்தைகளின் வேகமான கிளையோமாவில் என்டிஆர்கே என்ற மாற்றம் இருந்தால் லாரோடிரெக்டினிப் உண்டு. எஸ்ஹெச்ஹெச் வகை மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு விஸ்மோடெகிப் இருக்கிறது, ஆனால் அது வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளைச் சீக்கிரமே மூடி வளர்ச்சியை நிறுத்திவிடும். அதனால் சின்னக் குழந்தைக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை.

டிஐபிஜின்னு சொல்லிட்டு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அனுப்பறாங்களே?

"குணப்படுத்த இன்று வழி இல்லை" என்பது பெரும்பாலும் உண்மை. "ஒன்றும் செய்ய முடியாது" என்பது உண்மையல்ல. இந்த இரண்டையும் கலந்து பேசுவதுதான் பெற்றோரை உடைக்கிறது. கட்டி மூளைத்தண்டுக்குள் நூல் போலப் பின்னிப் பரவியிருப்பதால் வெட்டி எடுக்க முடியாது. கண்டுபிடித்ததிலிருந்து சராசரி ஆயுள் ஒரு வருடத்துக்கும் குறைவு. முதல் ரேடியேஷனும், மேலே சொன்ன மறு ரேடியேஷனும் நல்ல நாட்களைத் தருகின்றன.

2025 ஆகஸ்டில் டோர்டாவிப்ரோன் என்ற வாய்வழி மருந்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் துரித ஒப்புதல் தந்தது. ஹெச்3 கே27எம் என்ற மரபணு மாற்றம் உள்ள நடுக்கோட்டுக் கிளையோமா (மூளையின் நடுப்பகுதியில் வருவது) சிகிச்சைக்குப் பிறகும் வளர்ந்தால், ஒரு வயது முதல் கொடுக்கலாம். ஒப்புதலுக்கு ஆதாரமான 50 பேரில் 22 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. டிஐபிஜி பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் அந்த ஆதாரத்தில் டிஐபிஜி உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை என்பதால் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். ஜிடி2 என்ற குறியைத் தேடித் தாக்கும்படி நோயெதிர்ப்புச் செல்லை மாற்றி ஏற்றும் கார்-டி சிகிச்சையை ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்கிறார்கள். சிலருக்குக் கட்டி வெகுவாகச் சுருங்கியிருக்கிறது. அது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

ட்ரயல்ல சேர்த்தா எங்க பிள்ளையை வெச்சு சோதனை பண்றாங்கன்னு அர்த்தமா?

ட்ரயல் என்பது மருந்து ஆய்வு. அது எந்தக் கட்ட ஆய்வு என்பதைப் பொறுத்தது. முதல் கட்ட ஆய்வில் தேடுவது பாதுகாப்பான அளவு எது என்பதைத்தான். உங்கள் பிள்ளைக்குப் பலன் கிடைக்கலாம், ஆனால் ஆய்வின் முதல் நோக்கம் அதுவல்ல. இதை மறைக்காமல் சொல்வதுதான் நல்ல குழு. இரண்டாம் கட்டத்தில் பலன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மூன்றாம் கட்டத்தில் ஏற்கெனவே உள்ள சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை குறையாது.

சேரும் முன் கேளுங்கள்: எத்தனை முறை வர வேண்டும், எத்தனை முறை ரத்தம், மயக்கம் கொடுத்து எத்தனை எம்ஆர்ஐ? பிள்ளையின் மிச்ச நாளில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கழியும்? மறு ரேடியேஷனோ வேறு மருந்தோ முதலில் எடுத்துவிட்டால் சில ஆய்வுகளில் சேர முடியாது. அதனால் சிகிச்சையின் வரிசையை முன்பே பேசிவிடுங்கள்.

ஸ்டீராய்டு குடுத்ததும் நடக்க ஆரம்பிச்சுட்டான். ஆனா முகம் வீங்கி, ராத்திரி பூரா பசிக்குதுன்னு அழறான். நிறுத்திடலாமா?

திடீரென்று நிறுத்தவே கூடாது. டெக்ஸாமெத்தசோன் என்ற இந்த ஸ்டீராய்டு சில நாட்களுக்கு மேல் போனால், உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று விட்டால் பிள்ளை மயங்கி விழலாம். டாக்டர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அவன் நடந்தது கட்டி சுருங்கியதால் அல்ல, சுற்றியுள்ள வீக்கம் வடிந்ததால். வேலை செய்யும் மிகக் குறைந்த அளவு எதுவோ அதில் வைப்பதுதான் குறி. கடைசி வேளையை மாலைக்கு முன்பே கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், தூக்கம் கொஞ்சம் சரியாகும். கோபமும் அழுகையும் மருந்தின் வேலை, பிள்ளையின் குணம் மாறிவிடவில்லை. பெவாசிஸுமேப் சில பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டைக் குறைக்க உதவுகிறது.

கீமோவோட சேர்த்து மூலிகை மருந்தும் குடுக்கறோம். சர்க்கரையையும் நிறுத்திட்டோம். டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரா?

திட்டினாலும் சொல்லிவிடுங்கள். கீமோ மருந்துகள் பலவற்றைக் கல்லீரல்தான் உடைக்கிறது. மூலிகையும் அதே வேலையைக் கல்லீரலுக்குக் கொடுத்தால், மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறவோ இறங்கவோ கூடும். இது மூலிகைக்கு மட்டுமல்ல. ஃபெனிடாயின், கார்பமஸெபின் போன்ற பழைய வலிப்பு மாத்திரைகளே இரினோடெகான் போன்ற மருந்தின் பலத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் பல குழுக்கள் லெவெடிராசிடாம் என்ற வலிப்பு மருந்துக்கு மாற்றுகின்றன. பிள்ளை வாயில் போகும் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதிக் கொண்டுபோங்கள்.

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பது சரியல்ல. உடம்பு எந்த உணவிலிருந்தும் குளுக்கோஸ் செய்துகொள்ளும். எடை குறைந்த பிள்ளைக்குக் கீமோவைத் தள்ளிப்போட நேரும். அவன் ஆசையாகக் கேட்பதைக் கொடுங்கள்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா?

பெரும்பாலான கட்டிகளில் வராது. சில வகைகளில் சோதித்தே ஆக வேண்டும். ஏடிஆர்டி குழந்தைகளில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, மரபணு மாற்றம் பிறவியிலேயே உடம்பு முழுவதும் இருக்கும். அவர்களுக்குச் சிறுநீரகத்திலும் கட்டி வரலாம். கோராய்டு பிளெக்ஸஸ் கார்சினோமாவில் டிபி53, கைக்குழந்தைகளின் எஸ்ஹெச்ஹெச் மெடுல்லோபிளாஸ்டோமாவில் எஸ்யூஎஃப்யூ, பிடிசிஹெச்1 ஆகிய மரபணுக்களைப் பார்ப்பார்கள். மரபணு ஆலோசகரைச் சந்திக்கக் கேளுங்கள். பெற்றோரிடம் அந்த மாற்றம் இல்லாமல் பிள்ளையிடம் மட்டும் புதிதாக வந்திருப்பதும் உண்டு.

இது நோயாளிப் பிள்ளையின் சிகிச்சையையும் மாற்றும். ரேடியேஷன் பதிலில் சொன்ன தயக்கம் ஒன்று. இன்னொன்று, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் மரபணு, அம்மா வழி, அப்பா வழி என இரண்டு பிரதியிலும் கெட்டுப்போன சில பிள்ளைகளுக்கு டெமோசோலோமைடு பலிக்காது. ஆனால் நிவோலுமேப் போன்ற நோயெதிர்ப்பு மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது. பெற்றோர் நெருங்கிய உறவில் மணம் செய்தவர்களாக இருந்தாலோ, பிள்ளையின் தோலில் காப்பி நிறத் திட்டுகள் இருந்தாலோ டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

எதைப் பார்த்தா ராத்திரின்னும் பார்க்காம ஓடி வரணும்?

எழுப்ப முடியாத தூக்கம், விடிகாலைத் தலைவலியோடு நிற்காத வாந்தி, புதிதாக வந்த மாறுகண், ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பு, திடீரென்று கால் தளர்வது, சிறுநீர் வராமல் போவது. கடைசி இரண்டும் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைப்பது, கண்மணி கீழே சரிந்தே நிற்பது. கீமோ ஓடும் காலத்தில் காய்ச்சல் வந்தால் அதுவே அவசரம்.

ஷன்ட் வைத்த பிள்ளைக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தால் கட்டி வளர்ந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் இருந்துவிட வேண்டாம். குழாய் அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்ய முடியும், ஆனால் மணிக்கணக்கில் தாமதிக்க முடியாது.

நேரா சொல்லுங்க. எத்தனை சதவீதம்?

கட்டியைச் சொல்லாமல் சதவீதம் சொல்பவரை நம்பாதீர்கள். மெதுவாக வளரும் கிளையோமா திரும்பத் திரும்ப வந்தாலும், பத்து வருடம் கழித்தும் பெரும்பாலான பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். வளர்ந்து பெரியவர்களாகும்போது பலருக்குக் கட்டி தானே அடங்கியும் போகிறது. எபென்டைமோமாவில் பல வருடங்கள் கிடைக்கலாம், ஆனால் வெகுநாள் கழித்தும் திரும்ப வரும். ரேடியேஷனுக்குப் பிறகு திரும்ப வந்த மெடுல்லோபிளாஸ்டோமாவிலும் ஏடிஆர்டியிலும் பிழைப்பவர்கள் குறைவு. டிஐபிஜியைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

உங்கள் பிள்ளைக்கு என்று கேட்கும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நல்லபடியாகப் போனால் எப்படி இருக்கும், மோசமாகப் போனால் எப்படி இருக்கும், நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள்?" ஒற்றை எண்ணைவிட இந்த மூன்று பதில்கள் முடிவெடுக்க உதவும்.

பாலியேட்டிவ் டீமை அனுப்பறாங்க. கைவிட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்?

இல்லை. கட்டி திரும்ப வந்த அன்றே அவர்கள் வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வலி, வாந்தி, தூக்கம், மலச்சிக்கல், விழுங்க முடியாமை, அம்மாவின் பயம் எல்லாமே அவர்கள் வேலை. கீமோவும் ரேடியேஷனும் ட்ரயலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்களும் கூட இருக்கலாம். மார்ஃபினைக் கண்டு பயப்படாதீர்கள். சரியான அளவில் கொடுத்தால் அது பிள்ளையின் நாளைக் குறைக்காது, வலிக்காகக் கொடுப்பதால் அடிமையும் ஆகமாட்டான்.

சிகிச்சையை எப்போது நிறுத்துவது என்றும் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். அந்த மூன்று நோக்கக் கேள்வியை ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேட்டு வந்தால், ஒரு நாள் பதில் தெளிவாகவே தெரியும்: இந்த மருந்து குணமும் தரவில்லை, காலமும் தரவில்லை, கஷ்டத்தைக் கூட்டுகிறது. அப்போது நிறுத்துவது மருந்தை மட்டும்தான். வலிக்கும் மூச்சுத்திணறலுக்குமான கவனிப்பு நிற்பதில்லை. ஊசியும் குழாயும் குறைந்து, பிள்ளை வீட்டில் இருக்க முடியும்.

அவளுக்கு அஞ்சு வயசு. "எனக்கு என்ன ஆச்சும்மா"ன்னு கேக்கறா. என்ன சொல்றது?

உண்மையை, அவள் கேட்ட அளவுக்கு மட்டும். "தலைக்குள்ளே இருந்த கட்டி மறுபடி வந்திருக்கு. அதனாலதான் தலை வலிக்குது. வலிக்காம இருக்க மருந்து குடுக்கறோம்." இவ்வளவு போதும். அந்த வயதுப் பிள்ளை, தான் செய்த குறும்பால்தான் இது வந்தது என்று நினைத்துக்கொள்ளும். அவள் கேட்காவிட்டாலும் "நீ எதுவும் தப்பு பண்ணலை" என்று சொல்லுங்கள். ஊசி வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள், அடுத்த தடவை உங்களை நம்ப மாட்டாள்.

"நான் செத்துடுவேனா" என்று கேட்டால் பேச்சை மாற்ற வேண்டாம். "ஏன் கண்ணு அப்படிக் கேக்கறே?" என்று திருப்பிக் கேளுங்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளையைக் காணோம் என்பதற்காகக் கேட்டிருக்கலாம், இருட்டில் தனியாக இருக்கப் பயந்து கேட்டிருக்கலாம். எதற்குப் பயப்படுகிறாளோ அதற்குப் பதில் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். உள்ளே விடவில்லை என்றால் வார்டு செவிலியரிடம் கேளுங்கள், நாங்கள் வழி பண்ணுவோம்.